உஷாராணி போட்ட முந்நூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள்

பதினாறு வருஷமாய் நான் மசாலாத் தூள் விற்றுக்கொண்டிருந்தேன். மலாக்கா டவுனிலிருந்து ஜாசின், நியாலாஸ், அந்தப் பக்கம் லூபோக் சீனா வரைக்கும் என் கால் படாத கடைவாசல் கிடையாது. எந்தக் கடையில் மிளகாய்த்தூள் ஓடும், எங்கே மீன் மசாலா மட்டும் போகும், எந்தக் கடைக்காரன் காலையில் சிடுசிடுப்பான், எவன் சாயங்காலம் சிடுசிடுப்பான், எல்லாம் எனக்குத் தெரியும். இருந்தும் முதலாளி வெளியாட்களிடம் என்னைக் காட்டிச் சொல்வது ஒரே வார்த்தைதான்: "நம்ம வேன் டிரைவர்."

கூட்டம் போடுவார்கள். புதுப் பாக்கெட் எந்த நிறம் என்று பேசுவார்கள். நான் வெளியே வேன் கழுவிக்கொண்டிருப்பேன். ஒரு தடவை மிளகாய்த்தூளைப் பச்சைப் பாக்கெட்டில் போட்டார்கள். எவனாவது வாங்குவானா? எல்லோரும் மல்லித்தூள் என்று நினைத்துத் தள்ளி வைத்தார்கள். எட்டு மாதம் குடோனில் கிடந்தது. என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நான் எழுத வந்தது உஷாராணியைப் பற்றி. அந்தப் பெண்ணுக்கு நான் செய்த ஒரு காரியத்துக்கு இந்தக் குறைதான் காரணம். மறைத்து எழுத எனக்குத் தெரியாது. நான் படித்தது தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைக்கும்.

எங்கள் கம்பெனி சின்னக் கம்பெனி. 'மூணு விளக்கு' மசாலா. மலாக்காவில் முன்பக்கம் ஆபீஸ், பின்பக்கம் அரவை மெஷின். முதலாளி உஸ்மான். அவருடைய வாப்பா காலத்தில் தெருவில் பாய் விரித்துச் சாமான் விற்றுத் தொடங்கிய வியாபாரம். நல்ல மனுஷன், ஆனால் ஒரு முடிவு எடுக்க ஆறு மாதம் யோசிப்பார். எடுத்துவிட்டால் ஆறு நாளில் பலன் வேண்டும் என்பார்.

தொண்ணூற்றாறாம் வருஷம் அவர் எடுத்த முடிவுதான் உஷாராணி. நியாலாஸ் பக்கத்துத் தோட்டத்துப் பெண். அப்பா பாமாயிலுக்குச் செம்பனைக் குலை வெட்டுகிறவர். பள்ளியில் ஐந்தாம் பாரம் முடித்துவிட்டு ஐந்து வருஷம் மின்சாமான் ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. பூதக்கண்ணாடிக்குக் கீழே பற்றவைக்கிற வேலை. அதில் கண் வீங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து டவுனுக்கு வந்து கம்ப்யூட்டர் வகுப்பு படித்திருக்கிறது. எங்கள் ஆபீஸுக்கு வந்தபோது இருபத்து மூன்று வயது. மேசைமேல் ஒரு கம்ப்யூட்டர், பக்கத்தில் கடகடவென்று சத்தம் போடும் பிரிண்டர், ஃபேக்ஸ் மெஷின். கதவில் 'மார்க்கெட்டிங்' என்று அட்டை. நான் பதினாறு வருஷமாய்ச் செய்த வேலைக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

எனக்குப் பிடிக்கவில்லை. சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பெண் போன் பேசினால் எழுந்து நின்று பேசும். எதிரில் ஆளே இல்லை, பல்லைக் காட்டிச் சிரிக்கும்.

"யாரப் பாத்து சிரிக்கற?" என்று கேட்டேன்.

"மூஞ்சி சிரிச்சாத்தான்ணே குரல் சிரிக்கும். உர்ருனு வெச்சுக்கிட்டு பேசிப் பாருங்க, அந்தப் பக்கம் கேக்கும்."

"எனக்கு இந்த மூஞ்சிதான். பதினாறு வருசமா இதத்தான் பாக்கறாங்க."

"அதான் நேர்ல பாக்கும்போது பயந்துக்கிட்டு ஆர்டர் குடுத்துடறாங்க" என்றது.

சீனக் கடைக்காரரோடு மலாயில் பேசும், சூப்பர்மார்க்கெட்காரனோடு இங்கிலீஷில் பேசும், தோட்டத்துக் கடைக்கு நம் தமிழில் பேசும். மூன்றுக்கும் மூன்று குரல். திறமைதான். ஆனால் அப்போது ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பிறகு என் இடுப்பில் ஒரு பேஜரைக் கட்டிவிட்டார்கள். முதல் நாளே நியாலாஸைத் தாண்டித் தோட்டத்துக்குள் இருக்கும்போது 'கீ கீ' என்றது. ஆபீஸ் நம்பர். என்னவோ ஏதோ என்று ஒன்பது மைல் திரும்பி ஓட்டி, பொதுப் போனில் சில்லறை போட்டுக் கூப்பிட்டேன்.

"என்னாச்சு?"

"ஒண்ணும் இல்லண்ணே. வேல செய்யுதான்னு பாத்தேன். செய்யுதுலா!"

அன்றைக்கு நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. மறுநாள் காலையில் வேன் சீட்டில் ஒரு துண்டுத்தாள் இருந்தது. 'பேஜரில் 1 வந்தால் அவசரம். 2 வந்தால் மத்தியானத்துக்குள் கூப்பிடவும். 3 வந்தால் ஆபீஸ் வந்து பேசலாம். நேற்றைக்கு மன்னிக்கவும்.' ஒரு தப்பைச் செய்தால் மறுநாளே அதற்கு வழி வைக்கிற புத்தி. அதையும் நான் அப்போது கணக்கில் எடுக்கவில்லை.

தொண்ணூற்றேழில் நம் ரிங்கிட் வெள்ளியின் மதிப்பு விழ ஆரம்பித்தது. இறக்குமதி மிளகாய் விலை ஏறியது. கோலாலம்பூரிலிருந்து ஒரு பெரிய கம்பெனி டிவியில் விளம்பரம் போட்டுக்கொண்டு எங்கள் கடைகளுக்குள்ளேயே நுழைந்தது. தீபாவளி மாதம்தான் எங்களுக்கு உயிர். முதலாளி உஷாராணியைக் கூப்பிட்டு, நானும் நிற்கும்போதே சொன்னார்.

"இந்தா பாரும்மா, நான் சுத்தி வளைச்சுப் பேச மாட்டேன். தீபாவளிக்குத் தோட்டத்துக் கடை ஆர்டரு போன வருசத்தவிடக் கொறஞ்சா, கம்ப்யூட்டர வித்துருவேன். நீயும் வேற எடம் பாத்துக்க."

"வேற இடம்னா பழையபடி ஃபேக்டரிதான் மொதலாளி" என்றது. அழவில்லை, கெஞ்சவில்லை. "நான் பாத்துக்கறேன்."

செப்டம்பர் முதல் வாரத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு கடைக்கும் கடிதம் போடுவது என்று உஷாராணி முடிவு செய்தது. ஒரே கடிதத்தை எழுதிவிட்டால் கம்ப்யூட்டரே ஒவ்வொரு கடைக்காரர் பெயரையும் தானாகச் சேர்த்துக்கொள்ளுமாம். என் பழைய ஆர்டர் புத்தகங்களை வாங்கி, அதிலிருந்த அடையாளக் கார்டுப் பெயர்களை ராப்பகலாய்த் தட்டியது. கம்ப்யூட்டர் வகுப்பில் கொடுத்த படிவம் வெள்ளைக்காரன் படிவம். முதல் பெயருக்கு ஒரு கட்டம், கடைசிப் பெயருக்கு ஒரு கட்டம். நம் ஆட்களுக்கு ஏது கடைசிப் பெயர்? அடையாளக் கார்டில் தன் பெயர், நடுவில் 'ஏ எல்' அல்லது 'ஏ பி', பிறகு அப்பன் பெயர். இன்னாருடைய மகன், இன்னாருடைய மகள் என்று. உஷாராணி அப்பன் பெயரைக் கடைசிக் கட்டத்தில் போட்டுவிட்டது. உறைமேல் முழுப் பெயரும் சரியாகத்தான் விழுந்தது. உள்ளே 'அன்புள்ள மிஸ்டர்' என்ற இடத்தில் மட்டும், வெள்ளைக்காரன் வழக்கப்படி, கடைசிக் கட்டத்திலிருந்து எடுத்துப் போட்டது கம்ப்யூட்டர். உஷாராணி சோதித்துப் பார்க்க முதலில் அச்சடித்தது ஒரு சீனர் கடைக் கடிதம். அவர்களுக்குக் குடும்பப் பெயர் உண்டு, அதைச் சரியான கட்டத்தில் போட்டிருந்தது. அதனால் தப்பு தெரியவில்லை.

மடித்து உறையில் போடுகிற வேலை எனக்கு வந்தது. ஒரு மத்தியானம் பூரா உட்கார்ந்து மடித்தேன். இங்கிலீஷ் கடிதம், முழுசாய்ப் படிக்க எனக்கு வராது. ஆனால் பெயர் படிக்க வரும். பத்தாவது கடிதத்திலேயே பார்த்துவிட்டேன். உறையில் மாயாண்டி. உள்ளே 'அன்புள்ள மிஸ்டர் சுடலைமுத்து'. சுடலைமுத்து அவனுடைய அப்பன். இன்னொன்றில் உறையில் முனியம்மா. உள்ளே 'அன்புள்ள மிஸ்டர் அப்புசாமி'. அந்த அப்புசாமி மார்ச் மாதம் செத்துப்போனவர். சாவுக்கு நான் போய் வந்திருக்கிறேன்.

பக்கத்து அறையில்தான் இருந்தது அந்தப் பெண். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'என்னைக் கேட்டா செய்தீர்கள்?' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு மிச்சத்தையும் மடித்தேன். நாக்கால் நனைத்து நானே ஒட்டினேன். வேனில் ஏற்றித் தபால் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான்.

நான்காம் நாள் போன் அடிக்க ஆரம்பித்தது.

மாயாண்டி நியாலாஸில் பெரிய மளிகைக்கடை வைத்திருப்பவன். எங்களுக்கு மாதத்துக்கு நாற்பது பெட்டி எடுக்கிற ஆள். அவன் போட்ட சத்தம் ரிசீவரைத் தாண்டி ஆபீஸ் முழுக்கக் கேட்டது. "யாருக்குடா அன்புள்ள? அந்தாளுக்கா? எங்கம்மாவ அஞ்சு புள்ளையோட வுட்டுட்டு ஓடிப்போன ஆளு! அவன் பேரச் சொல்லிக் கூப்பிட்டு எங்கிட்டயே தூள் விக்கிறீங்களா? இனிமே உங்க வேனு என் கடைப்பக்கம் வந்துச்சு, டயரு இருக்காது!"

சிலர் சிரித்தார்கள். சிலர், "எங்கப்பா குழியில இருந்து எந்திரிச்சு வந்து பணம் கட்டுவாரு, அவருக்கே பில்லு போடு" என்றார்கள். பெண்கள் கடைக்கெல்லாம் 'மிஸ்டர்' போயிருந்தது. அந்தக் கோலாலம்பூர்க் கம்பெனிக்காரன் இதை வைத்தே கடைக்குக் கடை சிரிக்கச் சிரிக்கப் பேசினான். வாரக் கடைசிக்குள் முப்பத்தொரு கடை ஆர்டரை நிறுத்தியது.

நான் வழக்கம்போல ரவுண்டு போனேன். என்னிடம் கத்தியவர்களிடம் எல்லாம், "எனக்கென்ன தெரியும், கம்ப்யூட்டர் பண்ண வேல" என்றேன். அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. லூபோக் சீனாவில் முனியம்மாக்கா கடைக்குப் போகும்வரைதான்.

முனியம்மாக்கா கத்தவில்லை. பசியாற வைத்திருந்த இட்லியில் இரண்டைத் தட்டில் வைத்து என்னிடம் கொடுத்துவிட்டு, மெதுவாகக் கேட்டது. "ஏன் வீராசாமி, நீ எங்கப்பாவத் தூக்கிட்டுப் போனவன்தானே? உனக்குத் தெரியாமயா இந்தக் கடுதாசி வந்துச்சு?"

இட்லித் தட்டைக் கல்லாமேல் வைத்துவிட்டு வேனுக்கு வந்தேன்.

மறுநாள் ஆபீஸில் முதலாளி நின்றுபோன கடைகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உஷாராணி சொன்னது: "மொதலாளி, எனக்கு ஒரு வாரம் குடுங்க. ஆபீஸ்ல வேணாம். வேன்ல."

"வேன்ல போய் என்ன செய்வ?"

"மொதல்ல மன்னிப்புக் கேக்கணும். அது போன்ல கேக்கற விசயமில்ல."

இப்படித்தான் அது என் வேனில் ஏறியது. ஒரு நோட்டுப் புத்தகம், தண்ணீர் பாட்டில், மோட்டார் சைக்கிளில் வந்து இறக்கிவிட்ட அப்பா கொடுத்த ஒரு பை மாங்காய். ஜாசின் தாண்டினோம். அப்புறம் எனக்குத் தாங்கவில்லை.

"நான் மடிக்கும்போதே பாத்துட்டேன்" என்றேன்.

"என்னத்த?"

"பேரு மாறியிருக்கறத."

அது என் பக்கம் திரும்பவே இல்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டது.

"ஏண்ணே சொல்லல?"

"நீ கேக்கல."

"கேட்டிருந்தா?"

"சொல்லியிருப்பேன்."

"என் வேலை போனாப் பரவாயில்லன்னு நெனச்சீங்களா?"

அப்படித்தான் நினைத்தேன் என்று எப்படிச் சொல்வது? கியரை மாற்றினேன்.

பிறகு அதுவே சொன்னது: "தப்பு ரெண்டு பேரு மேலயும் இருக்கு. உங்க பங்கு கொஞ்சம் பெருசு. அத அப்புறம் பேசிக்கலாம். இப்ப மாயாண்டி அண்ணனப் பத்திச் சொல்லுங்க. அவரு அப்பா பேரச் சொன்னாக் கோவம் வரும், அது தெரிஞ்சுபோச்சு. வேற என்ன?"

பதினேழு வருஷத்தில் முதல் தடவை ஒருத்தர் என்னைக் கேட்கிறார். இந்த நேரம் பார்த்தா கேட்க வேண்டும்? வெட்கத்தோடுதான் சொன்னேன்.

மாயாண்டி எங்களைப் பார்த்ததும் கல்லாவை விட்டு இறங்கி வந்தான். "எவ அவ, கடுதாசி போட்டவ?"

"நான்தான்ணே. உஷாராணி. தோட்டத்து மூணாம் டிவிஷன் பெருமாளு மக."

"பெருமாளு மகளா? தோட்டத்துப் புள்ளையா இருந்துக்கிட்டு அப்பன் பேரு எது, ஆளு பேரு எதுன்னு தெரியல?"

"தெரியும்ணே. மெஷினு கேட்ட எடத்துல போட்டுட்டு, என்ன விழுதுன்னு பாக்காம விட்டுட்டேன். தப்பு என்னுதுதான்."

அவன் திட்டினான். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து இருபது நிமிஷம் கேட்டது அந்தப் பெண். நடுவில் ஒரு தடவைகூட 'ஆனா' என்று சொல்லவில்லை. நானாக இருந்தால் மூன்றாவது நிமிஷம் கைகலப்பாகியிருக்கும். அவன் மூச்சு வாங்கும்போதுதான் பேசியது.

"உங்கள எப்படிக் கூப்பிட்டா உங்களுக்குப் பிடிக்கும்ணே?"

அவன் முழித்தான். "எல்லாரும் கடை மாயாண்டிம்பாங்க."

"கடுதாசி பிடிக்குமா, போனா?"

"கடுதாசி எவன் படிப்பான்? அடுத்த வாரத்துலேருந்து வியாழக்கெழம காலையில ஒரு போன் போடு. என்ன சரக்கு இருக்கு, இல்லன்னு பாத்து வெச்சிருப்பேன். மத்தியானத்துக்கு மேல போட்டா எடுக்க மாட்டேன்."

நோட்டில் எழுதிக்கொண்டது. அவ்வளவுதான். தூள் பேச்சே எடுக்கவில்லை. வேனில் ஏறியதும் நான் கோபப்பட்டேன். "இவ்வளவு தூரம் வந்துட்டு ஆர்டரு கேக்காம வர்ற?"

"அடுத்த வாரம் வியாழக்கெழம கேக்கச் சொல்லிட்டாருலா. இன்னிக்கு திங்கள்."

ஆறு நாளில் எழுபது கடை. ஒவ்வொரு கடையிலும் அதே கேள்வி. எப்படிக் கூப்பிடுவது, எந்த பாஷை, போனா ஃபேக்ஸா நேரிலா, எந்த நாள். நான் ஓட்டிக்கொண்டே எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். கடையில் போய்ச் சரிபார்த்துக்கொள்ளும். நான் சொன்னதில் பாதி தப்பு என்று தெரிந்தது. பத்து வருஷமாகக் காது கேட்காத ஆளென்று நான் நினைத்த ஒரு கிழவர் என்னிடம் பேசப் பிடிக்காமல் அப்படி இருந்திருக்கிறார். உஷாராணியிடம் முக்கால் மணி நேரம் பேசினார். அது வேனில் ஏறி, மாங்காயைக் கடித்துக்கொண்டு, சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனது.

லூபோக் சீனாவுக்குக் கடைசியாகப் போனோம். முனியம்மாக்கா கல்லாவுக்குப் பின்னால் சுவரில் அப்புசாமியின் படம். படத்துக்குக் கீழே எங்கள் கடிதத்தை ஒட்டியிருந்தது.

உஷாராணி அதைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டியது. "அக்கா, அதக் குடுத்துருங்க. தப்பான கடுதாசி அது."

"ஏன் குடுக்கணும்? எழுபத்தெட்டு வயசு வரைக்கும் கித்தா மரம் வெட்டி ரப்பர் பாலு எடுத்தாரு எங்கப்பா. 'ஏய்'னு கூப்பிட்டிருக்கான், 'டேய்'னு கூப்பிட்டிருக்கான். மிஸ்டர்னு போட்டு அவருக்கு வந்தது இது ஒண்ணுதான். செத்தப்புறம் வந்தா என்ன? இருந்துட்டுப் போவட்டும்." பிறகு என்னைப் பார்த்து, "ஆனா நீ சொல்லியிருக்கணும் வீராசாமி" என்றது.

"சொல்லியிருக்கணும்க்கா" என்றேன்.

வெளியே வந்து உஷாராணி நோட்டில் வெகுநேரம் எதையோ எழுதியது. என்னவென்று நான் கேட்கவில்லை.

அடுத்த வாரம் கம்ப்யூட்டரில் கட்டங்கள் மாறின. வெள்ளைக்காரன் கட்டம் இரண்டும் போயின. 'கூப்பிடும் பெயர்' என்று ஒரு கட்டம், 'பாஷை', 'நாள்', 'எப்படி'. கடைசியில் 'பேசக்கூடாதது' என்று ஒன்று. இரண்டாவது கடிதம் கேட்டவர்களுக்கு மட்டும் போனது. தமிழ் எழுத்தில் நான்கே வரி. 'முனியம்மா அக்காவுக்கு' என்று தொடங்கி, தீபாவளிக்கு என்ன சரக்கு எப்போது வரும் என்று சொல்லி முடிந்தது. அச்சடித்த ஒவ்வொரு தாளையும் என் முன்னால் வைத்து, "படிங்கண்ணே, பேரு சரியா?" என்று கேட்டுவிட்டுத்தான் மடித்தது. நான்கு பெயரைத் திருத்தினேன்.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கு மாயாண்டிக்குப் போன் போட்டது. எழுந்து நின்று, சிரித்துக்கொண்டு. நானும் முதலாளியும் கதவோரம் நின்றோம்.

"கடை மாயாண்டி அண்ணனா? உஷாராணி பேசறேன்… ஆமாண்ணே, பெருமாளு மக… சரிண்ணே… அம்பத்தஞ்சா? எழுதிக்கிட்டேன்."

முதலாளி என்னைப் பார்த்தார். வழக்கமாக எடுப்பது நாற்பது.

தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு ஃபேக்ஸ் மெஷினிலிருந்து தாள் நீளமாகக் கழன்று தரையில் சுருண்டு கிடந்தது. நின்றுபோன முப்பத்தொன்றில் இருபத்தாறு கடை திரும்பி வந்துவிட்டது. மூன்று கடை வரவே இல்லை. இரண்டு கடை இழுத்துக்கொண்டே இருந்தது. அரவை மெஷின் நிற்காமல் ஓடி, எங்கள் தெருவில் போகிறவன் எல்லாம் தும்மினான். வாடகைக்கு இன்னொரு லோரி எடுத்தோம். முதலாளி கம்ப்யூட்டரை விற்கவில்லை. ஃபேக்டரி பஸ் ஆபீஸ் வாசலைத் தாண்டிப் போகும்போது உஷாராணி ஜன்னல் வழியாகக் கையை ஆட்டியதை நான் பார்த்தேன். உள்ளே அதோடு வேலை செய்த பெண்கள் இருந்திருப்பார்கள்.

அப்புறம் இரண்டு வருஷம் சேர்ந்து வேலை செய்தோம். இண்டர்நெட் வந்தது. சிங்கப்பூரிலிருந்து ஒரு கடைக்காரர் ஈமெயிலில் ஆர்டர் அனுப்பினார். பதில் எழுதுவதற்கு முன்னால் உஷாராணி அவருக்கும் ஒரு போன் போட்டு, எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டுக்கொண்டது. திங்கட்கிழமைக் கூட்டத்தில் எனக்கும் ஒரு நாற்காலி. முதலாளியாகப் போடவில்லை. உஷாராணி பின்பக்கத்திலிருந்து இழுத்து வந்து போட்டது.

தொண்ணூற்றொன்பதில் கோலாலம்பூரில் ஒரு உணவுப்பொருள் கம்பெனி உஷாராணியைக் கேட்டு வாங்கிக்கொண்டது. புதிதாகச் சேரும் விற்பனை ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை. முதலாளி பிரியாணி ஆக்கிப் போட்டார். கடைசி நாள் சாயங்காலம் வேனில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். வந்து பக்கத்தில் நின்றது.

"அண்ணே, ஒண்ணு கேட்டா செய்வீங்களா?"

"கேளு."

"அடுத்த மாசம் ரெண்டாவது சனிக்கெழம கே.எல். வரணும். பதினாலு பேரு புதுசாச் சேர்றாங்க. எல்லாரும் என்னைவிட நல்லா கம்ப்யூட்டர் தட்டுவாங்க. அந்த லெட்டர் கதைய அவங்களுக்குச் சொல்லணும்."

"நீயே சொல்லேன். உன் கதைதானே."

"என் பாதிய நான் சொல்லிருவேன். இவங்க எந்த ஊருக்குப் போனாலும், அங்க ஒருத்தரு எல்லாத்தையும் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு, யாரும் கேக்கலன்னு வாய மூடிக்கிட்டு இருப்பாரு. அவரு எப்படி இருப்பாருன்னு இவங்க நேர்ல பாக்கணும். மடிக்கும்போதே பாத்துட்டீங்களே, அந்தப் பாதிய நீங்கதான்ணே வந்து சொல்லணும். ஏன் சொல்லலங்கறதையும் சேத்து, ஒண்ணையும் விடாம."